போடாமல் விட்ட வீதி

‘போச்சி த ரொக்!’ பார்த்தவர்களுக்கு ஷிமோகிட்டசாவாவைப் புதுசாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2022 ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஓடிய அனிமே அது. நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கவே பயப்படுகிற ஒரு பள்ளிக்கூடப் பெட்டை, முதுகில் கிற்றாரைக் கொழுவிக்கொண்டு, நிலத்துக்குக் கீழே இருக்கிற ஒரு சின்ன இசைக்கூடத்துக்குப் படியிறங்கிப் போவாள். அந்தக் கூடம் ‘ஷெல்ட்டர்’ என்ற நிஜ இடத்தைப் பார்த்து வரையப்பட்டது. 1991இல் தொடங்கியது, 250 பேர் நெருக்கியடித்து நின்றால் நிரம்பிவிடும். கதையில் வருகிற நாலு பெட்டையளின் குடும்பப் பெயர்களும் (கோத்தோ, கிட்டா, யமதா, இஜிச்சி) ஏஷியன் குங்ஃபு ஜெனரேஷன் என்ற இசைக்குழுவின் நாலு ஆண்களுடைய பெயர்கள்தான். அவர்களும் ஷெல்ட்டர் மேடையில் வாசித்தவர்கள். ‘நருடோ’வின் இரண்டாவது தொடக்கப் பாட்டு, ‘ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்’டில் வந்த ‘ரீரைட்’ எல்லாம் இவர்களுடையது. எங்கட ஆக்களில பாதிப்பேருக்குப் பாட்டுத் தெரியும், பாடினது யாரெண்டு தெரியாது.

இந்தத் தொடருக்குப் பிறகு எங்கெங்கோ இருந்தெல்லாம் பெடியள் அந்த ஒழுங்கைகளைத் தேடிப் போய்ப் படம் எடுக்கிறார்கள். நல்ல விசயம்தான். ஆனால் அந்த ஒழுங்கைகள் ஏன் இன்னும் ஒழுங்கைகளாகவே இருக்கின்றன என்ற கேள்விக்கு அனிமேயில் பதில் இல்லை. ஷிபுயாவிலிருந்து கடுகதி ரயிலில் ஏறினால் அடுத்த தரிப்பிடம் ஷிமோகிட்டசாவா. ஷின்ஜுக்குவும் பக்கம்தான். டோக்கியோவில் இப்படியான இடத்தில் ஒரு சதுர அடி நிலத்தைக்கூட யாரும் சும்மா விட்டுவைப்பதில்லை. அங்கே இரண்டு மாடிப் பழங்கட்டடங்களும், ஆறு பேர் இருந்தால் நிறைகிற மதுக்கடைகளும், மாடிப்படியில் உடுப்புத் தொங்குகிற கடைகளும் எப்படி மிஞ்சின? யாரோ அழகுணர்ச்சியோடு திட்டம் போட்டதால் அல்ல. போட்ட திட்டம் 60 வருசம் நிறைவேறாமல் கிடந்ததால்.

முதலில் அது ஒரு கிராமம். பெயரே ‘கீழ்க் கிட்டசாவா’ என்றுதான் அர்த்தப்படும். வயலும் தோட்டமும். 1923இல் கந்தோ நிலநடுக்கம் டோக்கியோவின் கிழக்குப் பக்கத்தை எரித்துப்போட, சனம் மேற்கே நகரத் தொடங்கியது. 1927இல் ஒதாக்கியூ ரயில் பாதை வந்தது, 1933இல் இனோகாஷிரா பாதை. இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகிற இடத்தில் நிலையம். ரயில் இவ்வளவு வேகமாக வந்ததே தவிர, வீதிகளை யாரும் புதுசாக வெட்டவில்லை. வயல் வரம்பும் மாட்டுவண்டித் தடமும் எப்படி வளைந்ததோ அப்படியே ஒழுங்கைகளும் வளைந்தன. கவிஞர் ஹகிவாரா சகுதாரோ 1930களில் இந்தப் பக்கம்தான் குடியிருந்தார். 1935இல் அவர் எழுதிய ‘பூனை நகரம்’ என்ற கதையில், வழி தவறிப்போன ஒருவன் தனக்குத் தெரிந்த ஊரையே தெரியாத ஊராகக் காண்கிறான். அந்தக் கதைக்கு மூலம் ஷிமோகிட்டசாவாவின் ஒழுங்கைகள்தான் என்று சொல்லுவார்கள். கையில் வரைபடம் வைத்திருந்தும் வழி தவறுகிற ஆட்களை இப்பவும் அங்கே காணலாம் என்பதால் நம்பக்கூடியதாகத்தான் இருக்கு.

1945 குண்டுவீச்சில் டோக்கியோவின் பெரும்பகுதி சாம்பலானது. நிலையத்தைச் சுற்றியிருந்த பகுதி பெரும்பாலும் தப்பியது. எரியாத ஊருக்கு வீடிழந்த ஆக்கள் வந்தார்கள்; ஆக்கள் வந்த இடத்துக்குக் கறுப்புச் சந்தை வந்தது. நிலையத்தின் வடக்கு வாசலில் தகரக் கூரையின் கீழ் அரிசி, மீன், அமெரிக்கப் படையினரிடமிருந்து கசிந்த உடுப்பு, சிகரட் எல்லாம் விற்றார்கள். அந்தச் சந்தையின் எச்சமாக ஓர் இருண்ட கடைத்தொகுதி 2010கள் வரைக்கும் நின்றது. பழைய உடுப்புக்கு இந்த ஊர் பெயர் போனதன் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அடுத்த வருசம், 1946இல், நகரைத் திரும்பக் கட்டுவதற்காக அதிகாரிகள் ஒரு வரைபடம் போட்டார்கள். அதில் ஷிமோகிட்டசாவாவின் நடுவால் ஒரு கோடு இழுத்தார்கள். துணை வீதி இலக்கம் 54. காசில்லை, வேறு அவசர வேலைகள் இருந்தன, வீதி வரவில்லை. கோடு மட்டும் தாளில் நின்றது.

ஆனால் தாளில் நிற்கிற கோட்டுக்கும் வேலை இருக்கு. ஜப்பானின் நகரத் திட்டச் சட்டப்படி, எதிர்கால வீதிக்கெனக் குறித்த நிலத்தில் நினைத்ததைக் கட்ட முடியாது. இலேசாகக் கழற்றி அகற்றக்கூடிய கட்டடம் வேண்டும், இரண்டு மாடிக்கு மேல் போகக்கூடாது, நிலக்கீழ் அறை கூடாது. பிற்காலத்தில் டோக்கியோ இதை மூன்று மாடி வரை தளர்த்தியது. எப்படியிருந்தாலும் ஒரு நாள் இடிக்கப்போகிற இடத்தில் யார் பெரிய முதல் போடுவார்? உடைமையாளர் சும்மா இருப்பார், பழைய கட்டடத்தைக் குறைந்த வாடகைக்குக் கொடுப்பார். இதோடு குறுகிய ஒழுங்கைகளும் சேர்ந்தன. ஜப்பானில் முன்னால் இருக்கிற வீதியின் அகலத்தைப் பொறுத்துத்தான் கட்டடத்தின் அளவும் அனுமதிக்கப்படும். ஒழுங்கை ஒடுக்கமென்றால் கட்டடமும் சின்னன். கைவிடப்பட்ட ஒரு திட்டமும் ஒரு பழைய வயல் வரம்பும் சேர்ந்து அரை நூற்றாண்டுக்கு இந்த ஊரின் வாடகையைப் பிடித்து வைத்திருந்தன.

மலிவான அறை இருக்கிற இடத்துக்கு மாணவர்கள் வருவார்கள். 1953இலேயே ‘மசாக்கோ’ என்ற ஜாஸ் தேநீர்க்கடை திறந்திருந்தது. வீட்டில் ஒலிபெருக்கி வைத்திருக்க வசதியில்லாத காலத்தில், ஒரு கோப்பைக் கோப்பியை மணிக்கணக்காக வைத்துக்கொண்டு இசைத்தட்டுக் கேட்கிற இடம். 1970களில் ரொக், புளூஸ் மதுக்கடைகள் ஒவ்வொன்றாக வந்தன. 1975இல் ‘ஷிமோகிட்டசாவா லொஃப்ட்’ திறந்தது. 1990களில் ஷெல்ட்டர், கிளப் கியூ, 251 என்று ஒரு வரிசை. இவற்றை ஜப்பானில் ‘லைவ் ஹவுஸ்’ என்பார்கள். மதுக்கடை என்றும் சொல்ல ஏலாது, மண்டபம் என்றும் சொல்ல ஏலாது. மேடை, ஒலி, ஒளி எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆனால் ஆள் கொள்ளாது.

இதை ஏதோ காசு வேண்டாத கலைச் சொர்க்கம் என்று எண்ணிவிடக்கூடாது. ‘நோருமா’ என்று ஒரு முறை இருக்கு. மேடையேறுகிற குழு இத்தனை டிக்கெட் விற்றே ஆகவேண்டும். விற்காததற்குச் சொந்தக் காசைக் கட்டவேண்டும். ‘போச்சி’யில் அந்தப் பெட்டையள் ஆளுக்கு 5 டிக்கெட் விற்க அல்லாடுவதும், பகுதிநேர வேலைக்குப் போவதும் இதனால்தான். அதாவது லைவ் ஹவுஸின் வாடகையில் ஒரு பங்கை, இன்னும் பெயரெடுக்காத பெடியள் தங்கட சம்பளத்திலிருந்து கட்டுகிறார்கள். வாடகை ஏறினால் நோருமாவும் ஏறும். முதலில் மேடை இழக்கிறவர் யாரென்று சொல்லத் தேவையில்லை.

நாடகத்தின் கதை வேறு. அது பெரும்பாலும் ஒரு மனிசனின் பிடிவாதம். ஹொண்டா கசுவோ படத்தில் நடிகராக வரவேண்டும் என்று வந்தவர். அது சரிவரவில்லை. மதுக்கடை நடத்தினார், பிறகு இன்னொன்று, பிறகு பல. அந்தக் காசையெல்லாம் கொண்டுபோய் நாடக அரங்கில் போட்டார். 1981இல் ஒரு பழைய மரக் குடியிருப்பின் மேல்மாடியை அரங்காக்கினார். அதுதான் ‘சுசுனாரி’. கீழே இன்றும் சின்னச் சின்ன மதுக்கடைகள். 1982இல் 386 இருக்கைகளோடு ஹொண்டா அரங்கு. இப்படியே ஒன்றொன்றாக, நிலையத்தைச் சுற்றி நடந்துபோகிற தூரத்தில் அவருடைய குழுமத்துக்கு எட்டு அரங்குகள். ஒரு புதிய நாடகக் குழு மிகச் சின்ன அரங்கில் தொடங்கி, சுசுனாரிக்கு ஏறி, பிறகு ஹொண்டாவுக்கு வருவது ஒரு ஏணி மாதிரி. 1990 முதல் ஒவ்வொரு பெப்ரவரியிலும் நாடக விழா. கலையை அரசாங்கம்தான் காப்பாற்ற வேண்டும் என்று கதைக்கிறபோதெல்லாம் எனக்கு இந்த மதுக்கடைக்காரர்தான் ஞாபகத்துக்கு வருவார். அதற்காக அரசாங்கம் சும்மா இருக்கலாம் என்று சொல்லவில்லை. ஒரு ஊரின் நாடகம் முழுக்க ஒரு குடும்பத்தின் விருப்பத்தில் தங்கியிருப்பதும் பயமான விசயம்தான்.

பழைய உடுப்புக் கடைகளைப் பற்றியும் சொல்லவேணும். ஜப்பான் பழைய வாகனத்தை எங்களுக்கு அனுப்புகிறது. அமெரிக்கா பழைய ஜீன்ஸை ஜப்பானுக்கு அனுப்புகிறது. கடைக்காரர்கள் அமெரிக்காவுக்குப் போய், மலைபோல் குவிந்த உடுப்புக்குள் கையைவிட்டுத் தேடி, தையலையும் லேபலையும் பார்த்து எந்த வருசத்து உடுப்பு என்று கண்டுபிடித்து வாங்கி வருவார்கள். இமாய்சுமி ரிக்கியாவின் ‘நகரத்தின் மேலே’ என்ற படம் 2021இல் வந்தது. அதன் நாயகன் இப்படியான கடையில் வேலை செய்கிறவன். படத்தில் பெரிசாக ஒன்றும் நடக்காது. அவன் கடையில் இருந்து புத்தகம் வாசிப்பான், கோப்பி குடிக்கப் போவான், ஒழுங்கையில் யாரையாவது சந்திப்பான், நின்று கதைப்பான். ஊரை வடிவாகக் காட்டின படம் என்றால் அதுதான். காரில் போகிற ஊராக இருந்தால் அந்தக் கதையே நடந்திருக்காது.

இனிப் பிரச்சினைக்கு வருவம்.

ஒதாக்கியூ பாதையில் ரயில்கள் கூடக் கூட, நிலையத்தைச் சுற்றியிருந்த ரயில் கடவைகள் மூடியே கிடந்தன. காலை நேரத்தில் கடவையைத் தாண்ட நெடுநேரம் காத்திருக்க வேண்டும். ‘திறக்காத கடவை’ என்றே ஜப்பானியத்தில் ஒரு சொல் இருக்கு. பாதையை நாலாக்கி நிலத்துக்குக் கீழே கொண்டுபோவது என்று முடிவானது. இதை எதிர்க்க யாருக்கும் பெரிய காரணம் இல்லை. ஆனால் இப்படியான வேலைக்குரிய பொதுப் பணம் வீதி அபிவிருத்தியின் பெயரில்தான் வருகிறது. ரயில் பாதையைக் கடக்கிற பெரிய வீதிகள் திட்டத்தில் இருந்தால்தான் கணக்கு ஒத்துவரும். அதிகாரிகள் பழைய வரைபடத்தைத் தட்டி எடுத்தார்கள். 1946ஆம் ஆண்டின் கோடு அங்கே இருந்தது. அகலம் 26 மீற்றர். அதோடு நிலையத்துக்கு முன்னால் பஸ்ஸும் டாக்ஸியும் திரும்பப் பெரிய சதுக்கம், வீதியோரம் 60 மீற்றர் வரை உயர்ந்த கட்டடங்களுக்கு இடம் கொடுக்கிற விதிமாற்றம்.

சில இடங்களில் நாலைந்து மீற்றர்கூட இல்லாத ஒழுங்கைகளுக்கு நடுவே 26 மீற்றர். அகலத்தைவிட விதிமாற்றம்தான் பெரிய விசயம். வீதி போகிற இடத்தில் இருக்கிற கடை இடிபடும், அது கண்ணுக்குத் தெரிகிற இழப்பு. ஆனால் வீதி அகன்ற உடனே பக்கத்து நிலமெல்லாம் உயரக் கட்டக்கூடிய நிலமாகிவிடும், பெறுமதி ஏறும், உடைமையாளர் விற்பார். வீதி தொடாத கடையும் போகும்.

2003 கடைசியில் ‘சேவ் த ஷிமோகிட்டசாவா’ என்ற அமைப்பு உருவானது. கடைக்காரர், இசைக்காரர், நாடகக்காரர், குடியிருந்தவர், நகரத் திட்டம் படித்தவர் என்று கலவையான கூட்டம். ஊர்வலம் போனார்கள், கச்சேரி வைத்தார்கள், கருத்தரங்கு வைத்தார்கள். ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்லாமல் மாற்று வரைபடங்களையும் போட்டுக் கொடுத்தார்கள். வட்டார நிர்வாகம் கேட்கவில்லை. 2006 ஒக்டோபரில் வீதியின் முதல் பகுதிக்கு அனுமதி கிடைத்தது. அதே வருசம் வழக்கும் தொடங்கியது. ஊருக்குள்ளேயும் எல்லாரும் ஒரே பக்கம் நிற்கவில்லை. தீயணைப்பு வாகனம் நுழைய முடியாத ஒழுங்கையில் வயதுபோன தாய் தகப்பனோடு இருக்கிறவர்களுக்கு, வார இறுதியில் கிற்றாரோடு வந்து போகிறவர் ‘அழகு’ என்று சொல்வது எரிச்சலாகத்தான் இருக்கும். 1923ஐயும் 1945ஐயும் நெருப்பாக நினைவு வைத்திருக்கிற நகரத்தில் அந்தப் பயத்தைச் சும்மா தட்டிவிட முடியாது. ஒழுங்கையை வைத்துக்கொண்டே நெருப்பை எப்படிச் சமாளிப்பது என்று இரண்டு பக்கமும் சேர்ந்து இருந்து கதைத்திருக்க வேண்டும். அதற்கான மேசையே அப்போது போடப்படவில்லை என்பதுதான் என் குறை.

2011இல் செத்தகாயா வட்டாரத்துக்குப் புதிய தலைவராக ஹொசாக்கா நொபுத்தோ தெரிவானார். பள்ளிக் காலத்து அரசியலை எழுதித் தன் மதிப்பீட்டு அறிக்கையைக் கெடுத்தார்கள் என்று கல்வி நிர்வாகத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போன ஆள் அவர். வழக்குத் தோற்றது, ஆள் ஊடகவியலாளராகி, பிறகு நாடாளுமன்றம் போய், கடைசியில் நிர்வாகத்தின் கதிரையிலேயே வந்து இருந்தார். அவரால் திட்டத்தைக் கிழித்துப் போட முடியவில்லை. ஆனால் பேச மேசை போட்டார்.

2013 மார்ச் 22ஆம் திகதி இரவு, கடைசி ரயில் நிலத்துக்கு மேலே போனது. விடிய முதல் ரயில் நிலத்துக்குக் கீழே வந்தது. ஒரே இரவில் மாற்றினார்கள். பல தலைமுறை காத்து நின்ற கடவைகள் மறுநாள் வெறும் தெருவாகக் கிடந்தன. 2016இல் வழக்கு இணக்கத்தோடு முடிந்தது. வீதியின் முதல் பகுதி, அதாவது நிலையத்தைச் சுற்றிய பகுதி, தொடரும். இரண்டாம், மூன்றாம் பகுதிகள் அடுத்த பத்து வருடத்துக்கான முன்னுரிமைப் பட்டியலில் இல்லை.

இதற்கிடையில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று கையில் வந்து நின்றது. ரயில் கீழே போனதால் மேலே சுமார் 1.7 கிலோமீற்றர் நீளத்துக்கு வெறும் நிலம். உடைமை ரயில் கம்பனியுடையது. அவர்கள் ஒரு பெரிய வணிகத் தொகுதி கட்டிவிட்டுப் போயிருக்கலாம். பத்து வருசச் சண்டையைப் பார்த்த பிறகு அப்படிச் செய்யத் துணியவில்லை என்றுதான் நான் வாசிக்கிறேன். ஊராக்களோடு பலமுறை இருந்து கதைத்து, துண்டு துண்டாகத் தாழ்வான கட்டடங்கள் கட்டினார்கள். 2020 ஏப்ரலில், சரியாகப் பெருந்தொற்றுக்கு நடுவில், ‘போனஸ் ட்ராக்’ திறந்தது. கீழே கடை, மேலே வீடு. இளம் ஆக்கள் எடுக்கக்கூடிய மாதிரி வாடகையைக் கணக்குப் பார்த்து, அதற்கேற்ற அளவில் கட்டினார்கள். வழமையாகக் கட்டடத்தைக் கட்டிவிட்டு வாடகையைக் கணக்குப் பார்ப்பார்கள்; இங்கே தலைகீழ். 2012இல் தொடங்கிய பி அன்ட் பி என்ற புத்தகக்கடையும் இங்கே இடம் மாறி வந்தது. பியர் குடித்துக்கொண்டு புத்தகம் பார்க்கலாம், இரவில் எழுத்தாளர் கூட்டம் நடக்கும். இன்னொரு துண்டு நிலத்தைப் பற்றைக்காடு மாதிரி விட்டு, ஊராக்களின் தோட்டக் குழு ஒன்று பார்த்துக்கொள்கிறது. 2022 மே மாதம் முழுப் பாதையும் திறந்தாயிற்று.

இதை வெற்றி என்று சொல்லலாமா? பாதி சொல்லலாம். நடுவில் 26 மீற்றர் வீதி முழுசாகப் பிளந்துகொண்டு போகவில்லை. ரயில் நிலம் கண்ணாடிக் கோபுரமாகவில்லை. ஆனால் ஊரின் பெயர் இப்போது ஒரு விலை. 2014இல் ‘வோக்’ சஞ்சிகை உலகின் 15 ‘கூல்’ பகுதிகளில் இதை முதலாவதாகப் போட்டது. 2019இல் ‘டைம் அவுட்’ பட்டியலில் இரண்டாவது. அந்தப் பட்டியலைப் படிப்பவர்களில் காணி முகவர்களும் இருக்கிறார்கள். பழைய உடுப்புக் கடைகள் இப்போது எங்கு பார்த்தாலும். ஆனால் தனி ஆள் அமெரிக்காவுக்குப் போய்ப் பொறுக்கி வருகிற கடையைவிட, பல கிளைகள் வைத்திருக்கிற நிறுவனத்தின் கடை கூடிய வாடகை கொடுக்கும். மரக்கறிக் கடைக்கும் மீன் கடைக்கும் அந்த வாடகை கட்டாது. உடுப்பு மட்டும் விற்கிற ஊரில் குடியிருப்பவர் எங்கே போய் வெங்காயம் வாங்குவார் என்று ஆரும் கேட்கிறதில்லை.

மசாக்கோ 2009இல் மூடப்பட்டது. 2020இல் அங்கே முன்பு வேலை செய்த ஒருவர் அதே பெயரில், அதே ஊரில், வேறு கட்டடத்தில் திரும்பத் திறந்தார். ஒரு கடை உயிர்பிழைக்க எவ்வளவு தற்செயல் தேவைப்படுகிறது பாருங்கள்: பெயரை விரும்புகிற ஒருவர், தட்டுகளை எறியாமல் வைத்திருந்த ஒருவர், கட்டக்கூடிய வாடகைக்கு ஓர் அறை. மூன்றாவதுதான் இப்ப அருகி வருகிறது. முன்பு அதைக் கோடும் வரம்பும் பார்த்துக்கொண்டன. போனஸ் ட்ராக்கில் அதை ஒரு கம்பனியின் நல்ல மனசு பார்த்துக்கொள்கிறது. கம்பனிக்கு நல்ல மனசு எத்தனை வருசத்துக்கு இருக்கும் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பழைய ஒழுங்கைகளில் கட்டட உடைமையாளர்கள் வயதாகி வருகிறார்கள். ஜப்பானில் முதுசத்துக்குக் கடும் வரி. நிலத்தின் மதிப்பு ஏறினால் வரியும் ஏறும், வரி கட்டப் பிள்ளைகள் நிலத்தை விற்பார்கள். இதற்கு எதிராக ஊர்வலம் போக ஒரு இலாகாவின் வாசல்கூட இல்லை.

பெடியள் இன்னும் வருகிறார்கள். ஷெல்ட்டரின் படிகளுக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். சிலர் உள்ளே இறங்கி, பெயர் தெரியாத ஒரு குழுவுக்கு டிக்கெட்டும் எடுக்கிறார்கள். அந்த இரவுக்கு ஒரு நோருமா குறைகிறது. நிலையத்தின் கிழக்கே சதுக்கத்துக்கென ஒதுக்கிய நிலத்தில் பழைய சந்தை இல்லை. இலக்கம் 54இன் இரண்டாம், மூன்றாம் பகுதிகளை 2016ஆம் ஆண்டின் இணக்கம் முன்னுரிமைப் பட்டியலிலிருந்துதான் விலக்கியது. வரைபடத்திலிருந்து கோட்டை அழிக்கவில்லை.